பிரியத் தெரிந்த கூட்டாளி

“ஐடியா ரெடி. மார்க்கெட் ரொம்பப் பெரிசு. டெக் கோ-ஃபவுண்டர் மட்டும் தேவை. சம்பளம் இப்போதைக்கு இல்லை, ஈக்விட்டி பேசிக்கலாம்.”

ஹைதராபாத் ஸ்டார்ட்அப் வட்டாரத்தின் வாட்ஸ்அப் குழு எதில் சேர்ந்தாலும் இந்தத் தினுசில் ஒரு செய்தி வாரந்தவறாமல் வந்து விழும். மாதாப்பூர் பக்கம் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டுமாக நிற்கும் ஐ.டி. இளைஞர்களின் பேச்சிலும் பாதி இதுதான்: யாரைச் சேர்த்துக்கொள்வது? மற்ற எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் வழி இருக்கிறது. 2015 நவம்பரில் கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி. வளாகத்தில் அரசின் ஸ்டார்ட்அப் மையமான டி-ஹப் தொடங்கியது. 2022 ஜூனில் ராயதுர்கத்தில் ஐந்தரை லட்சம் சதுர அடிக்கும் மேலான புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. பெண் தொழில்முனைவோருக்கு வீ-ஹப், பொருளைச் செய்து பார்க்க டி-வொர்க்ஸ். உட்கார மேசை, புத்தி சொல்லப் பெரியவர்கள், முதலீட்டாளரைச் சந்திக்க ஒரு நாள் எல்லாம் ஏற்பாடாகிவிடும். கூட்டாளியை மட்டும் எந்த அரசாங்கமும் ஏற்பாடு செய்து தர முடியாது.

ஸ்டார்ட்அப் மேடைகளில் இதைக் கல்யாணத்தோடு ஒப்பிடாத பேச்சாளர் கிடையாது. எனக்கு அந்த உவமை ஒப்பவில்லை. பிரிவை நினைத்துக்கொண்டு யாரும் தாலி கட்டுவதில்லை. தொழில் கூட்டிலோ பிரிவை முதல் நாளே நினைத்தாக வேண்டும். இன்னும் சொல்லப்போனால், யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதைவிட யார் யாரிடமிருந்து எப்படி விலகினார்கள் என்று பார்த்தால்தான் ஹைதராபாத்தின் தொழில் வரலாறு புரியும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில், சரியாகச் சேர்ந்த இருவர்.

எரிய வைப்பவர் ஒருவர், வழி சொல்பவர் ஒருவர்

2022 நவம்பர் 18, முற்பகல் 11.30. ஸ்ரீஹரிகோட்டாவில் ஆறு மீட்டர் உயரமே உள்ள ஒரு குட்டி ராக்கெட் கிளம்பி, 89.5 கிலோமீட்டர் உயரம் தொட்டு, வங்கக் கடலில் விழுந்தது. பெயர் விக்ரம்-எஸ். இந்தியாவில் தனியார் நிறுவனம் ஒன்று செய்து ஏவிய முதல் ராக்கெட். நம் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் அனுப்பிய கருவியும் அதில் பயணம் போனது. ராக்கெட்டைச் செய்தது ஹைதராபாத்தின் ஸ்கைரூட் ஏரோஸ்பேஸ்.

ஸ்கைரூட்டை 2018-இல் தொடங்கியவர்கள் பவன் குமார் சந்தனா, நாக பரத் டாக்கா. பவன் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர், பரத் சென்னை ஐ.ஐ.டி. மாணவர். இருவரும் இஸ்ரோவில் வேலை பார்த்தவர்கள். எல்.வி.எம்-3 ராக்கெட்டின் இரு பக்கமும் தடித்து நிற்கும் திட எரிபொருள் பூஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 200 டன் அளவுக்கு எரிபொருள் அடைத்திருக்கும். பவனின் இஸ்ரோ அனுபவம் அந்தப் பக்கம். பரத்தின் வேலை ராக்கெட்டின் மூளைப் பக்கம், அதாவது பறக்கும்போது கணக்குப் போட்டுத் திசை சொல்லும் கணினி.

ஒருவருக்கு எரிய வைக்கத் தெரியும், இன்னொருவருக்கு எரிவதைத் திருப்பத் தெரியும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது ராக்கெட் ஆகாது, தீபாவளி வெடிதான். திறமை இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இவர்கள் இருவரும் ஒரே வேலை ஒழுங்கில் பழகியவர்கள். ஒரு வால்வு சரியில்லை என்றால் கவுன்ட்-டவுனை நிறுத்துவது அவமானமில்லை. தோல்வி வந்தால் யார் காரணம் என்று கேட்பதற்கு முன் எது காரணம் என்று கேட்க வேண்டும். இஸ்ரோவில் இதெல்லாம் யாரும் தனியாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தோடு வெளியே வரும் இருவருக்கு, ‘டெஸ்டை இன்னும் இரண்டு வாரம் தள்ளலாமா’ என்ற கேள்வியில் சண்டை வராது. பழக்கம் வேறுபட்ட இருவரென்றால் அதே கேள்வியில் கம்பெனியே உடைந்துபோகும்.

இன்னொன்று, இருவரும் விட்டுவிட்டு வந்தது ஒரே எடையுள்ள பொருள்: மத்திய அரசு விஞ்ஞானி வேலை. விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறப்பதாக அரசு அறிவித்தது 2020 ஜூனில். இவர்கள் வேலையை விட்டது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ராக்கெட் ஏவத் தனியாருக்கு அனுமதி கிடைக்குமா என்றே தெரியாத காலத்தில். ஒருவர் வேலையை விட்டு, இன்னொருவர் ‘வார இறுதியில் வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் ஸ்கைரூட் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் பெரிய தொகையைப் போட்டவர் மிந்த்ரா நிறுவனர்களில் ஒருவரான முகேஷ் பன்சல். ராக்கெட்டுக்கும் துணி விற்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தொடக்க நிலை முதலீட்டாளர்களைக் கேட்டால் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பொருளுக்கு முன் ஆளைப் பார்க்கிறோம், அதிலும் ஆட்கள் இருவராக இருந்தால் இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம்.

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2010-இல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஸோஹோவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி, ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தை வரை போனது. ரெட்பஸ் இன்னொன்று. 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து சொந்த ஊரான நிஜாமாபாத் பக்கம் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்தார் பணீந்திர சாமா. அடுத்த ஆண்டே சரண் பத்மராஜு, சுதாகர் பசுபுனூரி என்ற இரண்டு நண்பர்களோடு ரெட்பஸ்ஸைத் தொடங்கினார். மூவரும் பிலானி பிட்ஸ் மாணவர்கள். 2013-இல் ஐபிபோ குழுமம் அதை வாங்கியது. பணீந்திர சாமா பிறகு தெலங்கானா அரசின் தலைமைப் புத்தாக்க அதிகாரியாக ஹைதராபாத் வந்தார்.

ஆக, கூட்டாளி தேவை என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடந்த பத்து ஆண்டுகளில் யாரோடெல்லாம் வேலை பார்த்தோம், அதில் யார் மேல் கோபம் வந்தும் மரியாதை குறையவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. பெரும்பாலும் நாலைந்து பெயர்தான் தேறும். அது போதும்.

பெயர் எதுவும் தேறாவிட்டால்?

அமீர்பேட்டையில் கோர்ஸ் முடித்து, கொண்டாப்பூர் ஹாஸ்டலில் தங்கி, முதல் வேலையில் மூன்று வருஷம் ஓட்டிய பையனுக்குப் பழைய சகாக்கள் பட்டாளம் ஏது? அவனுக்காகத்தான் நிறுவனர் சந்திப்புகள், ஹேக்கத்தான்கள் எல்லாம். அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 2021-இல் கூட்டாளி தேடுகிறவர்களைச் சேர்த்துவைக்க இணையத்தில் தனி ஏற்பாடே தொடங்கியது. அறிமுகத்துக்கு இவை நல்ல வழி. அறிமுகமான மறுவாரமே பங்கு பிரிப்பதில்தான் வம்பு.

அறிமுகத்துக்கும் பங்குக்கும் நடுவில் ஒரு சின்ன, நிஜமான வேலை வேண்டும். மூன்று மாதம் போதும், ஆனால் அதில் மூன்றாம் மனிதர் ஒருவரின் காசு இருக்க வேண்டும். குக்கட்பள்ளியில் ஒரு டிபன் சென்டருக்கு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர் செய்து தருகிறீர்கள், மாதம் இரண்டாயிரம் ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடையில் கூட்டம் நெரியும்போது அது நின்றுவிடும். கட்டாயம் நிற்கும். இப்போது கவனியுங்கள். போனை யார் எடுக்கிறார்? கடைக்காரரிடம் ‘எங்கள் தப்பு’ என்று சொல்வது யார், ‘உங்க நெட் ஸ்லோ’ என்று சொல்வது யார்? மறுநாள் அந்த மாதக் காசைத் திருப்பித் தரலாமா என்று பேசும்போது உங்கள் இருவர் மனதும் எந்தப் பக்கம் போகிறது? லட்ச ரூபாய் கொடுத்து ஆலோசகரை வைத்தாலும் தெரியாத விஷயம், இரண்டாயிரம் ரூபாய்க்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது வீட்டுக் கணக்கு. நம்மவர்களுக்கு இதைக் கேட்பதில்தான் கூச்சம் அதிகம். டெர்ம் ஷீட் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ‘உனக்கு மாதம் எவ்வளவு இ.எம்.ஐ.?’ என்று கேட்க மாட்டார்கள். ஒருவருக்கு மியாப்பூரில் ஃப்ளாட் கடன், எல்.கே.ஜி. போகும் குழந்தை, தங்கை கல்யாணம். இன்னொருவருக்குச் சொந்த வீடு, மனைவிக்கு ஹைடெக் சிட்டியில் நல்ல சம்பளம். எட்டாவது மாதம், கம்பெனிக்குள் முதல் முறையாகப் பத்து லட்சம் வருகிறது. ஒருவர் அதில் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம் என்பார். மற்றவர் இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கலாம் என்பார். இருவருமே நியாயமானவர்கள், இதைக் கொள்கைத் தகராறு என்று நினைத்துக்கொண்டு பிரிந்தும் போவார்கள். எத்தனை மாதம் சம்பளமில்லாமல் வீடு ஓடும் என்ற எண்ணை முதல் மாதமே வெளிப்படையாகப் பேசியிருந்தால் அங்கே தகராறுக்கு இடமே இல்லை.

ஹைதராபாத்துக்கென்றே ஒரு தனி வகை உண்டு: டல்லாஸ் கோ-ஃபவுண்டர். கல்லூரித் தோழர், அமெரிக்காவில் நல்ல வேலை, பணம் போடத் தயார், இரவு பத்து மணிக்கு வீடியோவில் வருவார். எச்-1பி விசாவில் இருப்பவர் அடிப்படையில் விசா எடுத்துக் கொடுத்த முதலாளிக்குத்தான் வேலை பார்க்க முடியும். வேலையை விட்டால் விசா ஆடும், விசா ஆடினால் குடும்பம் ஆடும். அவரை முதலீட்டாளர் என்று சொல்லிப் பங்கு கொடுங்கள், தாராளமாக. கோ-ஃபவுண்டர் என்று எழுதிப் பாதிப் பங்கு கொடுத்தால், இங்கே தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு ஒரு வருஷத்தில் கசந்துவிடும்.

‘டெக் கோ-ஃபவுண்டர்’ பஞ்சத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐடியா என்னுடையது, கோடு எழுதுவது மட்டும் அவன் வேலை, ஆகவே எனக்கு 80, அவனுக்கு 20 என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு நல்ல எஞ்சினியர் கிடைக்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஹைதராபாத்தில் நல்ல எஞ்சினியருக்குக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் அமேசானும் சம்பளம் கொடுக்கக் காத்திருக்கின்றன. அவர் உங்களிடம் வர வேண்டுமென்றால் முடிவெடுக்கும் உரிமையிலும் பங்கு வேண்டும். ஸ்விக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயவாடாக்காரரான ஸ்ரீஹர்ஷா மஜேட்டியும் நந்தன் ரெட்டியும் முதலில் தொடங்கியது பண்ட்ல் என்ற சரக்கு அனுப்பும் தொழில். அதை மூடிவிட்டு 2014-இல் உணவுப் பக்கம் திரும்பியபோது, மிந்த்ராவில் இருந்த ராகுல் ஜைமினியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வந்தது கூலிக்குக் கோடு எழுத அல்ல, மூன்றாவது நிறுவனராக.

கூட்டாளி முதல் நாளே இருந்தாக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. சென்னை எஸ்.ஆர்.எம். மாணவர்கள் செய்த எஸ்.ஆர்.எம்.சாட் செயற்கைக்கோளில் பங்கெடுத்தவர் சஞ்சய் நெக்கண்டி. 2011 அக்டோபரில் அது பி.எஸ்.எல்.வி.யில் போனது. அடுத்த ஆண்டு அவர் துருவா ஸ்பேஸ் தொடங்கினார். அபய் ஏகூர், கிருஷ்ண தேஜா பெனமகுரு, சைதன்ய டோரா சுரபுரெட்டி மூவரும் பின்னாளில் வந்து சேர்ந்தவர்கள். அந்த ஹைதராபாத் கம்பெனியின் தைபோல்ட் செயற்கைக்கோள்கள் இரண்டு விண்ணுக்குப் போனது 2022 நவம்பர் 26-இல், தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து. தவறான ஆளோடு சீக்கிரம் ஓடுவதைவிடச் சரியான ஆட்கள் வரும்வரை மெதுவாக நடப்பது மேல் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே கூட்டாளி

கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் முனைவர் பட்டம், அங்கேயே ஆராய்ச்சி வேலை. ஊருக்குத் திரும்பி வா என்று அம்மா வற்புறுத்தியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996-இல் மனைவி சுசித்ராவோடு ஹைதராபாத்தில் பாரத் பயோடெக்கைத் தொடங்கினார். விஞ்ஞானம் அவர் பக்கம், கம்பெனியை நடத்தும் நிர்வாகம் சுசித்ரா பக்கம். அவர்களுடைய கோவிட் தடுப்பூசி கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3-ஆம் தேதி அவசரகால அனுமதி கிடைத்தது. 2022-இல் பத்மபூஷண் விருது இருவருக்கும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் கூட்டாளியாக இருக்கவே கூடாது என்று அடித்துச் சொல்லும் முதலீட்டாளர்கள் பாரத் பயோடெக் இருக்கும் ஜீனோம் வேலி வரை ஒருமுறை போய்வரலாம்.

அதே ஊரில் மறுபக்கமும் இருக்கிறது. 1987-இல் ராமலிங்க ராஜு சத்யம் கம்ப்யூட்டர்ஸைத் தொடங்கினார். தம்பி ராம ராஜு நிர்வாக இயக்குநர். 2009 ஜனவரி 7-ஆம் தேதி, கணக்குகளைப் பல ஆண்டுகளாக ஊதிக் காட்டி வந்ததாக ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். ஏழாயிரம் கோடி ரூபாய் அளவிலான மோசடி. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் அண்ணன் தம்பி உட்படப் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கின் சட்ட நுணுக்கம் நமக்கு வேண்டாம். ஒரு கம்பெனியின் உச்சியில் இருவர் இருப்பதன் முதல் பயனே ஒருவர் மற்றவரிடம் ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பது. அண்ணனிடம் தம்பி அதைக் கேட்கும் வீடு நம் ஊர்களில் எத்தனை? வீட்டுக்குள் கூட்டாளி தேடுகிறவர் இந்த ஒரு கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்லிக்கொண்டால் போதும்.

வேலையைத் திறமைப்படி பிரித்துக்கொண்ட இன்னொரு கூட்டு அரபிந்தோ ஃபார்மா. 1986-இல் தொடங்கியவர்கள் பி.வி. ராம்பிரசாத் ரெட்டியும் கே. நித்யானந்த ரெட்டியும். முன்னவர் வணிகவியல் முதுகலை, பின்னவர் கரிம வேதியியல் முதுகலை. கணக்குத் தெரிந்தவரும் ரசாயனம் தெரிந்தவரும் சேர்ந்து பென்சிலின் வகை மருந்து செய்ய முதல் ஆலையைப் போட்டது நம் புதுச்சேரியில். பெயர்ப் பொருத்தம் அதிலேயே இருக்கிறது. பிறகுதான் ஹைதராபாத்தைத் தலைமையகமாகக் கொண்ட பெருநிறுவனம் ஆனது.

பாலாநகரிலிருந்து பிரிந்தவர்கள்

இனி, விலகிப்போன கதை. மத்திய அரசின் ஐ.டி.பி.எல். நிறுவனம் சோவியத் உதவியோடு ஹைதராபாத் பாலாநகரில் மருந்து ஆலை போட்டது. அந்த ஆலைக்கு 1969-இல் வேலைக்கு வந்த இளம் வேதியியலாளர் கல்லம் அஞ்சி ரெட்டி, குண்டூர் பக்கத்துத் தாடேபள்ளியின் மஞ்சள் விவசாயி ஒருவரின் மகன். சில ஆண்டுகளில் அரசு வேலையை விட்டார். 1976 முதல் 1980 வரை யூனிலாய்ட்ஸ், 1980 முதல் 1984 வரை ஸ்டாண்டர்ட் ஆர்கானிக்ஸ். இரண்டிலும் நிறுவன நிர்வாக இயக்குநர் அவர்தான். இரண்டையும் விட்டு வெளியே வந்தார். மூன்றாவதாக 1984-இல் தொடங்கியதுதான் டாக்டர் ரெட்டீஸ்.

அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து திரும்பிய முரளி திவி அவரோடு சேர்ந்தார். இருவரும் கெமினார் என்ற கம்பெனியை வளர்த்தார்கள். 1990-இல் திவி விலகித் தன் பெயரில் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். 1995-இல் விஜயவாடா நெடுஞ்சாலையில் சௌடுப்பலில் முதல் ஆலை. அதுதான் திவீஸ் லேபரட்டரீஸ். கெமினார் 2000-இல் டாக்டர் ரெட்டீஸில் இணைந்தது.

இதில் நான் கவனிப்பது, திவி தேர்ந்தெடுத்த பாதை. பழைய கூட்டாளி சொந்தப் பெயரில் மருந்து விற்றார். திவி, மருந்துக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் செய்து கொடுப்பதோடு நின்றார். வாடிக்கையாளர் விற்கும் மருந்தோடு போட்டி போடுவதில்லை என்பதையே வியாபாரக் கொள்கையாக வைத்துக்கொண்டார். ஆறு ஆண்டு கூட்டில் கற்ற வேதியியலை எடுத்துக்கொண்டு, முட்டிக்கொள்ளாத வேறு தெருவில் கடை போட்ட மாதிரி. ஐ.டி.பி.எல். என்ற ஒரே அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துப் போனவர்களால்தான் ஹைதராபாத் இன்று மருந்து நகரம். அன்றைக்கு ஒவ்வொரு விலகலும் கோர்ட்டுக்குப் போயிருந்தால், வக்கீல்கள்தான் வளர்ந்திருப்பார்கள்.

எல்லாரும் அப்படிப் பிரிவதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்து 2012-இல் ஹவுசிங் டாட் காம் தொடங்கினார்கள். 2015 ஜூலையில் இயக்குநர் குழு தலைமை நிர்வாகி ராகுல் யாதவை வெளியேற்றியது. பாரத்பேயில் அஷ்னீர் குரோவர் 2022 மார்ச்சில் விலகினார்; கைமாறிய பங்குகளுக்குப் பணம் வரவில்லை என்று சக நிறுவனர்கள் அடுத்த ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரம் தவறாமல் வரும்: ஸ்டார்ட்அப் தோல்விகளில் 65 சதவீதத்துக்குக் கூட்டாளிச் சண்டைதான் காரணம் என்று. ஹார்வர்டில் பாடம் நடத்திய நோம் வாஸர்மன் 2012-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய எண் அது. அவர் அதை எடுத்தது 1989-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து. அங்கே சொல்லப்பட்டது வேறு: தாங்கள் பணம் போட்டுத் தோற்ற கம்பெனிகளில் 65 சதவீதத்துக்கு நிர்வாகக் குழுவின் பிரச்சினைகள் காரணம் என்று முதலீட்டாளர்கள் கருதினார்கள், அவ்வளவுதான். பணம் போட்டு இழந்தவர் யாரைக் குறை சொல்வார்? மேடையில் அந்த எண்ணைக் கேட்டால் கொஞ்சம் உப்புப் போட்டே விழுங்குங்கள்.

நட்பு சூடாக இருக்கும்போதே

கூட்டாளிகள் இருவர். ஆரம்ப மூலதனம் ஒரு லட்சம், பத்து ரூபாய் வீதம் பத்தாயிரம் பங்கு, ஆளுக்கு ஐயாயிரம். பதினான்காவது மாதம் ஒருவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போகிறார். ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர் பங்கு ஐயாயிரமும் அவரோடே போகும். இருப்பவர் ஐந்து வருஷம் உழைத்துக் கம்பெனியை நிமிர்த்தும்போது, பாதி அவருடையது. இதைப் பார்த்த எந்த முதலீட்டாளரும் பேனாவை மூடிவிடுவார்.

இதற்குத்தான் வெஸ்டிங். நான்கு ஆண்டில், மாதக் கணக்கில், பங்கு முழுதாக உரிமையாகும். முதல் ஓர் ஆண்டுக்குள் போனால் எதுவும் இல்லை. மேலே சொன்னவருக்கு 48-இல் 14 பங்கு, அதாவது 1,458 மட்டும் உறுதி. மிச்சம் 3,542 பங்கை முகமதிப்பில், 35,420 ரூபாய்க்கு, இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். போகிறவருக்கும் இது அவமானமில்லை. உழைத்த பதினான்கு மாதத்துக்கு மரியாதையான கணக்கு.

இதைத் தனி ஒப்பந்தமாக எழுதினால் மட்டும் போதாது, கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷனிலும் ஏற்ற வேண்டும். பாடம் நம் பக்கத்து வழக்கிலேயே இருக்கிறது. குடும்பத்தின் இரண்டு கிளைகள், கிளைக்கு 25 பங்கு. விற்பதென்றால் முதலில் தன் கிளைக்குள்தான் கேட்க வேண்டும் என்று வாய்மொழி ஏற்பாடு. அதை மீறி ஒருவர் மறு கிளைக்கு விற்றார். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அந்தத் தீர்ப்பைக் கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஐம்பதுக்கு ஐம்பது பற்றி ஒரு வார்த்தை. நியாயமாகத் தெரியும் இந்தப் பிரிவில், இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. ஒருவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். பாதி, பெரும்பான்மை ஆகாது. கடைசியில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதுதான். சம பங்கே வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எந்த விஷயத்தில் யார் சொல் கடைசிச் சொல் என்று மட்டும் எழுதி வையுங்கள்: விலை, விற்பனை இவரிடம், பொருள், ஆள் எடுப்பு அவரிடம்.

அடுத்தது, யாரும் பார்க்காத ஒரு பொறி. கம்பெனி பதிவாகும் முன் கூட்டாளி எழுதிய கோடு கம்பெனியுடையது அல்ல, அவருடையது. எழுதி வாங்க வேண்டும். எழுதும்போது எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி அந்த உரிமை மாற்றம் ஐந்தே ஆண்டுக்குத்தான். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இதைவிட மோசம், பகலில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் அதே ஆபீஸ் லேப்டாப்பில் உங்கள் கோடை எழுதும் கூட்டாளி. வேலைக்கிடையே செய்ததெல்லாம் முதலாளிக்கே சொந்தம் என்று அவருடைய வேலை ஒப்பந்தம் சொல்லக்கூடும். கம்பெனி வளர்ந்த பிறகுதான் அந்த உரிமைக் கடிதம் வரும்.

இந்த ஒப்பந்தத்தை எழுத நல்ல கம்பெனி செக்ரட்டரி ஒருவரும் வக்கீல் ஒருவரும் போதும். எழுதும்போது உட்கார்ந்து பாருங்கள். ‘நாம என்ன சண்டையா போடப் போறோம் மாமா, இதெல்லாம் எதுக்கு?’ என்று தோளில் கை போடுபவர் ஒரு வகை. ‘நான் ஆறு மாசத்துல செத்துப்போனா என் பங்கு என் அம்மாவுக்குப் போகுமா?’ என்று கேட்பவர் இன்னொரு வகை. எனக்கு இரண்டாமவரைப் பிடிக்கும்.

ஸ்விக்கியின் ராகுல் ஜைமினி 2020-இல் அங்கிருந்து விலகி, பெஸ்டோ என்ற இன்னொரு ஸ்டார்ட்அப்பில் கோ-ஃபவுண்டராகச் சேர்ந்தார். ஸ்விக்கி 2024 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒருவர் போனதால் கம்பெனியும் நிற்கவில்லை, போனவரும் நிற்கவில்லை.

அதனால் புதுக் கூட்டாளியிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். இதற்கு முன் யாரோடு சேர்ந்து ஏதாவது செய்து, பிறகு பிரிந்தீர்கள்? கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. காலேஜ் ப்ராஜெக்ட், கல்ச்சுரல் கமிட்டி, ஊர்த் திருவிழா, எதுவானாலும் சரி. அந்த ஆளின் நம்பரைக் கேளுங்கள். தயங்காமல் கொடுத்தால், போன் போட்டுப் பத்து நிமிஷம் பேசுங்கள். பழைய குறைகளை அவர் சொல்லட்டும், சொல்வார். கடைசியாக, மறுபடி அவரோடு சேர்வீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எதிர்முனை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.